கல்லூரிக்கு முன்பா, சேர்ந்த பின்பா?

அமெரிக்காவில் மது வாங்கச் சட்டப்படியான வயது 21. ஆனால் 18 வயதில் கல்லூரி விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு வாரங்களே அபாயம் மிகுந்தவை என்பதால், மதுவைப் பற்றி எப்போது பேசுவது என்று பெற்றோர் தயங்குகின்றனர்.

பயன்: பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராப் டுரிசி குழுவினர் நடத்திய ஆய்வுகள், சேர்வதற்கு முந்தைய கோடைக்கால உரையாடலுக்கே சாதகமாக அமைந்தன. சேர்ந்த பின் தொடங்கும் பேச்சு, நண்பர் வட்டமும் குடிக்கும் வழக்கமும் அமைந்துவிட்ட பிறகு வருவதால், பெரும்பாலும் பிந்திவிடுகிறது.

எளிமை: கோடையில் நேருக்கு நேர் பேசலாம். பின்னர் தொலைபேசிதான், அதையும் பிள்ளை எடுக்க வேண்டும்.

செலவு: இரண்டுக்கும் இல்லை.

இன்னும் குடிக்கத் தொடங்காத பிள்ளைக்கு முன்கூட்டிய உரையாடலே பொருந்தும். ஏற்கெனவே சிக்கலில் இருப்பவரிடம், கண்டிக்காமல் கேட்டு, கல்லூரி ஆலோசகரிடம் அனுப்பப் பிந்தைய பேச்சும் உதவும்.