கல்லூரியில் எனக்குக் கைகொடுத்த உதவிகள்: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

2022-ல் சென்னையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்தேன். இப்போது எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எது எங்கே கிடைக்கும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லாததால், மாணவர்களுக்கென்று இருக்கிற வசதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பயன்படுத்தினேன். அதில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. விண்ணப்பம் கேட்காத உதவி, தேவைப்பட்ட அன்றே கிடைத்தது. விண்ணப்பித்து வாங்கும் உதவியும் கிடைத்தது. ஆனால் அது வரும்போதுதான் வந்தது. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் இரண்டையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது.

முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறந்த ஒன்பது தளக் கட்டடம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது, சிபாரிசும் வேண்டாம். விடுதி அறையில் ஒருத்தி போனில் பேசுவாள், ஒருத்தி துணி மடிப்பாள், ஒருத்திக்கு விளக்கு இருந்தால் தூக்கம் வராது. அங்கே இருந்துகொண்டு புள்ளியியல் கணக்குப் போடவே முடியாது. நூலகத்தின் தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது. செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரங்கள் முழுக்க அங்கேதான் இருந்தேன். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி என்று படிக்கிறவர்கள் ஜெராக்ஸ் கட்டும் சாப்பாட்டு டப்பாவுமாகக் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் போனால் இடம் பிடிப்பது கஷ்டம். அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தால் நமக்கும் படிக்க வேண்டும் என்று தோன்றிவிடும்.

நான் தமிழ்வழியில் படித்தவள். பொருளியலுக்குத் தமிழில் என்ன புத்தகம் இருக்கப்போகிறது என்ற சந்தேகத்தோடுதான் இரண்டாம் தளத்தில் இருக்கும் தமிழ்ப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் ஒருவர், "என்ன பாடம்மா?" என்று கேட்டு, அலமாரி வரைக்கும் கூடவே வந்தார். புத்தக முதுகில் ஒட்டியிருக்கிற எண்ணை எப்படிப் படிப்பது, பக்கத்து வரிசையில் எது வரும் என்று நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் நான் யாரிடமும் கேட்கவில்லை. எழும்பூர் கன்னிமாராவிலும் அந்தப் பழக்கம் உதவியது. 1896-ல் திறந்த நூலகம் அது. பழைய தமிழ்ப் பாடநூல்களைத் தேட நல்ல இடம். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் கிடையாது என்பதால், இரண்டு நூலகத்துக்கும் போய்வர எனக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. கையில் காசில்லாத மாதக் கடைசியிலும் போக முடிந்தது.

அடுத்தது என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடங்கள். பார்ப்பதும் படிப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த எட்டு ஒப்படைப்புகளை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே நடுவில் காய்ச்சலில் ஒரு வாரம் போனாலும் பதற வேண்டாம். பேராசிரியர் வேகமாக ஆங்கிலத்தில் பேசினால், வேகத்தைக் குறைத்து வைத்து, உரையின் எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பே இருக்கிறது. என் ஆங்கிலம் தேறியதில் இந்தப் பாடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆய்வுக் கட்டுரைகள் படிக்க வேண்டுமா? கல்லூரி நூலகரிடம் போய் என்-லிஸ்ட் கணக்கு கேளுங்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்துவது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் அதில் வரும். எங்கள் வகுப்பில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதே மையத்தின் சோத்கங்கா தளத்துக்குக் கணக்குகூட வேண்டாம். நம்மூர்ப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அப்படியே திறந்து படிக்கலாம். எம்.ஏ. புராஜெக்டுக்குத் தலைப்பு யோசிக்கிறவர்கள் அங்கே ஒரு மாலை செலவிட்டால் போதும், ஒரு கேள்வியை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று பிடிபடும்.

14416 என்ற எண்ணை எல்லோரும் போனில் பதிந்து வைக்க வேண்டும். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அரியர் விழுந்த என் அறைத்தோழி சாப்பிடாமல், பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஓர் இரவு, என்ன செய்வதென்று தெரியாமல் நான்தான் கூப்பிட்டேன். எடுத்தவர் அவசரப்படவில்லை. "அவங்க பக்கத்துல நீங்க இருக்கீங்கதானே?" என்பதுதான் அவர் முதலில் கேட்டது. அப்புறம் போனை அவளிடம் கொடுத்தேன், வெகுநேரம் பேசினாள். கல்லூரியிலும் ஆலோசனை அறை என்று ஒரு பலகை உண்டு. அந்தப் பொறுப்பு, பாடம் நடத்துகிற ஓர் ஆசிரியரிடமே இருக்கும். இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவரிடம் மனசில் இருப்பதை எந்தப் பிள்ளை சொல்லும்? முழுநேர ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டும். இதை மட்டும் நான் எங்கு போனாலும் கேட்பேன்.

இனி பணம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம் அது. தம்பிகளுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து இதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஜெராக்ஸ், நாப்கின், தேர்வுக் கட்டணம் எதற்கும் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கொத்தனார் வேலை இல்லாத மழைக்காலத்தில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காசு கேட்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். சாதிச் சான்றைப் போல ஒருமுறை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட முடியாது. இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான், ஆனால் அப்பாவின் ஒரு நாள் கூலி சேர்ந்து போகும். கல்லூரி திறந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். மே மாதமே போட்டுவிடுவது நல்லது. தொகை சொன்ன நேரத்தில் வந்துவிடும் என்று நம்பி விடுதிக் கட்டணத்தைப் பாக்கி வைக்காதீர்கள், கடனும் வாங்காதீர்கள். வந்தால் வரட்டும் என்று தனியாக வையுங்கள்.

வங்கிக் கணக்கு விஷயம் இன்னும் முக்கியம். அரசுப் பணம் நாம் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு நேரடிப் பணப்பலனுக்கு இணைந்திருக்கிறதோ, அதற்குத்தான் போகும். என் வகுப்புத் தோழி ஒருத்தி பகுதிநேர வேலைக்காக வேறொரு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கினாள். சம்பளம் நின்ற பிறகு அந்தப் பாஸ்புக்கைத் தொடவேயில்லை. பணம் வரவில்லை என்று அவள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியபோது, தொகை மாதாமாதம் அந்தக் கணக்கில்தான் சேர்ந்துகொண்டிருந்தது. ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போனுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான்.

புதுமைப் பெண் தொகை இளநிலையோடு நின்றுவிடும். எம்.ஏ. வந்ததும் எனக்கு அது இல்லை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் ஊக்கத்தொகையைப் பார்த்து வையுங்கள். மதிப்பீட்டுத் தேர்வு வைத்து ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய் தனி. இந்த முறை அந்த மதிப்பீட்டுத் தேர்வை எழுதப்போகிறேன்.