சரிவுக் கூரையும் ஸ்ட்ரக்சுரல் சாஃப்ட்வேரும்: பல வருஷம் ஓட்டிய பிறகு

களியக்காவிளையில் ஆபீஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: “சந்தா முடியுது. இந்த டிசைன் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்கவா, விட்டுடவா?” பெயர் வேண்டாம், நம் பக்கத்தில் பலரும் வைத்திருக்கும் ரகம்தான். ஃப்ரேம் அனாலிசிஸ், ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிப்படி டிசைன், ஐ.எஸ். 1893 விதிப்படி நிலநடுக்கக் கணக்கு எல்லாம் உண்டு. அதையெல்லாம் விளக்கப் போவதில்லை. கூரையைப் பற்றி மட்டும் பேசணும்.

மார்த்தாண்டம் முதல் பாறசாலை வரை வீடு கட்டுகிறவருக்கு மொட்டை மாடி என்றால் முகம் சுருங்கும். இரண்டு மழையும் அடிக்கிற பூமி. சரிவாக வார்த்து, மேலே ஓடு பதித்தால்தான் மனசு ஆறும். சாஃப்ட்வேரோ தட்டையான மாடியை மனதில் வைத்து எழுதப்பட்டது.

ஃப்ளோர் லோடு கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று ஒரு வரி கொடுத்தால் போதும். சுற்றிலும் பீம் உள்ள கட்டங்களைத் தானே கண்டுபிடித்து, 45 டிகிரி கோடு போட்டு, குட்டை பீமுக்கு முக்கோணமாகவும் நீள பீமுக்குச் சரிவகமாகவும் பாரத்தைப் பிரித்துவிடும். தட்டை மாடியில் அருமை. சரிவில், கட்டத்தைச் சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளும் ஒரே தளத்தில் இருக்கணும். ஒன்று இரண்டு மில்லி விலகினாலும் அந்தக் கட்டத்தைக் காணோம் என்று விட்டுவிடும். விட்டதையாவது உரக்கச் சொல்லுமா? அவுட்புட் ஃபைலின் நடுவில் ஒரு எச்சரிக்கை வரி, கடைசியில் “பிழைகள்: 0”. கூரையின் ஒரு பக்கம் பாரமே இல்லாமல் டிசைன் முடிந்து, தூண் எல்லாம் ‘சரி’ என்று பச்சையாக வந்து நிற்கும்.

விலகல் எங்கிருந்து வருகிறது? மூலைகளில் இருந்து அல்ல. முகடும் இறவாரப் பீமும் மட்டமாக, இணையாக இருந்தால் நான்கு மூலையும் தானாகவே ஒரு தளத்தில் வந்துவிடும். நடுவில் சுவருக்காகக் கொடுத்த பீமின் முனைதான் வில்லன். பிளான் அடிக்கணக்கில் வரும்: இறவாரத்தில் இருந்து 10 அடி 6 அங்குலம், அதாவது 3.2004 மீட்டர். 30 டிகிரி சரிவில் அங்கே உயரம் 1.8478. கைப்போக்கில் 1.85 என்று அடித்தால் 2 மில்லி மேலே நிற்கும். சைட்டில் வீடு கட்டும்போது 2 மில்லியை யாரும் சீண்டமாட்டார்கள். இதற்கு அது போதும், கட்டம் போச்சு.

இந்தத் தவறைப் பிடிக்கிற வழி ஒன்றே. ஸ்லாப் பாரத்தைத் தனி லோடு கேஸாகப் போட்டு, அவுட்புட்டில் வரும் மொத்தக் கூட்டலைக் கைக்கணக்கோடு ஒப்பிடுங்கள். 10க்கு 8 மீட்டர், நாலாப் பக்கமும் 30 டிகிரி சரிவு என்று வைப்போம். 125 மில்லி ஸ்லாப் சதுர மீட்டருக்கு 3.125 கிலோநியூட்டன். சரிவுப் பரப்பு கூடுதல் என்பதால் 0.866 ஆல் வகுத்தால் பிளான் பரப்புக்கு 3.61. எண்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 289 கிலோநியூட்டன் வரணும். 202 வந்தால் 24 சதுர மீட்டருள்ள நீளப் பக்கம் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஓடும் சாந்தும் இதில் சேரவில்லை. உங்கள் பதிப்பு சரிவுப் பரப்பை எடுக்கிறதா, பிளான் பரப்பை எடுக்கிறதா என்பதை ஒற்றைக் கட்டம் வரைந்து முதலிலேயே பார்த்துவிடுங்கள். 15 சதவீத வித்தியாசம் விளையாட்டல்ல.

இனி, திட்டிக்கொண்டே இதை விடாமல் வைத்திருக்கக் காரணம். உள்ளே இருப்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். ஜாயின்ட் கோஆர்டினேட்ஸ் (புள்ளிகள் இருக்கும் இடம்), மெம்பர் இன்சிடென்ஸ் (எந்தப் பீம் எந்தப் புள்ளிகளை இணைக்கிறது) என்று வரிவரியாக எழுதும் இந்த முறை 1964இல் எம்.ஐ.டி.யில் இருந்து வந்த ‘ஸ்ட்ரெஸ்’ நிரலின் வாரிசு. பஞ்ச் கார்டு காலத்துச் சமாசாரம், இன்றும் ஜம்மென்று ஓடுகிறது. கூரைப் புள்ளிகளை எக்செலில் போடுங்கள். இறவாரத்தில் இருந்து பிளான் தூரத்தை 0.57735 ஆல் பெருக்கி, இறவார உயரத்தைக் கூட்டி, ஐந்து தசமம் வரை வைத்து, அப்படியே எடிட்டரில் ஒட்டுங்கள். தொலைந்த கட்டமெல்லாம் திரும்பி வரும். மவுஸால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினால் அரை நாள் போகும், இது பத்து நிமிஷ வேலை. மனை கோணலாக இருந்து இறவாரம் முகட்டுக்கு இணையாக இல்லாவிட்டால் கூரையே முறுக்கிக்கொள்ளும். அப்போது இந்த வித்தை பலிக்காது. கூரையைச் சின்னச் சின்னத் தகடுகளாக (பிளேட்) பிரிப்பதோ, பீமுக்குப் பாரத்தைக் கையால் கணக்கிட்டுக் கொடுப்பதோதான் வழி.

இன்னொரு எரிச்சல், இது கொஞ்சம் ஆபத்தானது. சரிவுக் கூரை இறவாரத்தை வெளியே தள்ளும், அந்தப் பீமில் இழுவிசை வரும். அதை அனாலிசிஸ் ஒழுங்காகக் கண்டுபிடித்து அச்சடிக்கிறது. கான்கிரீட் பீம் டிசைனுக்கு வரும்போது வளைவையும் வெட்டுவிசையையும் மட்டும் பார்த்துவிட்டு இழுவிசையை மறந்துவிடுகிறது. தானே சொன்னதைத் தானே கேட்காத ஆள். பாதுகாப்புக்காக 1.5 மடங்கு போட்ட பிறகு 40 கிலோநியூட்டன் இழுவை என்றால், எஃப்.இ. 500 ரகக் கம்பி டிசைனில் தாங்கும் 435 (சதுர மில்லிக்கு நியூட்டன்) ஆல் வகுத்து 92 சதுர மில்லி. ஒரு 12 எம்.எம். கம்பியைச் சேர்த்துப் போட்டுவிட வேண்டியதுதான். மூலையில் அந்தக் கம்பி வெறுமனே முடியக் கூடாது, அடுத்த பீமுக்குள் வளைந்து போகணும்.

சில்லறைக் குறைகள்: பீமுக்குப் பீம் வேறு வேறு கம்பி கொடுக்கும். ஒன்றாகத் தொகுக்காமல் சைட்டுக்கு அனுப்பினால் “சாரே, இதென்ன ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு?” என்று மேஸ்திரி கேட்பார், நியாயமான கேள்வி. நெட் போனால் லைசென்ஸ் முறைக்கும், அதுவும் மழைக்காலத்தில். ஒன்பது அங்குலச் சுவருக்குள் மறையும் தூண் கேட்கிற வீட்டுக்காரரிடம், நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 விதி தூணுக்குச் சொல்லும் குறைந்தபட்ச 300 மில்லியை அது எடுத்துச் சொல்லாது, நாம்தான் சொல்லணும்.

ஆக நண்பருக்கு: இரண்டு மாடி, தட்டைக் கூரை என்றால் இந்தப் பணம் தண்டம். நல்ல எக்செல் ஷீட்டும், ஃப்ரேமைக் கையால் கணக்கிடும் கானி முறையும் போதும். சரிவுக் கூரைதான் அதிகம் என்றால், இவ்வளவு திட்டிய பிறகும் சொல்கிறேன், புதுப்பியுங்கள். அந்தத் தள்ளுவிசையைக் கையால் யாரும் போடுவதில்லை. விட்டுவிடுவதாக முடிவு செய்தாலும், சந்தா முடியும் முன் ஒவ்வொரு வேலையின் இன்புட்டையும் டெக்ஸ்டாகவும் அவுட்புட்டைப் பி.டி.எஃப்.ஆகவும் எடுத்து வைத்துவிடுங்கள். மேலே ஒரு மாடி எழுப்பணும் என்று வீட்டுக்காரர் பிறகு வந்து நின்றால் அதுதான் கைக்கு வரும்.