குமுளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று: 50 எம்எம் சுமிக்ரான் பழசா, புதுசா?

லைக்கா எம் கேமராவுக்கு 50 எம்எம் சுமிக்ரான் (லைக்காவின் எஃப் 2 லென்ஸ்) தேடுகிறவர்களிடம் எல்லோரும் கூர்மையைப் பற்றியே பேசுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும், மலைக்கு மேலே குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமும் படம் எடுக்கிறவருக்கு அது இரண்டாம் பட்சம். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் கண்ணைக் கூசும் வெயில். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடித்தால் மூட்டம், தூறல். பழைய லென்ஸுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு வெளிச்சத்தில்தான் தெரியவரும்.

1954இல் வந்த எம் மவுண்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) இன்னும் மாறவில்லை. அதனால் 1956இன் லென்ஸை இன்றைய டிஜிட்டல் பாடியிலும் மாட்டலாம். அந்த 1956 லென்ஸைத்தான் சந்தையில் 'ரிஜிட்' என்கிறார்கள். பித்தளை உடம்பு, மேலே குரோம், உள்ளே 7 கண்ணாடி. 1979இல் கனடாவின் மிட்லண்ட் ஆலையில் இருந்த வால்டர் மாண்ட்லர் 6 கண்ணாடியோடு புதிதாக ஒன்றை வடிவமைத்தார். 1994இல் மாறியது வெளி உடம்பு மட்டுமே: இழுத்துவிடும் ஹூட் சேர்ந்தது, ஃபோகஸ் வளையத்தில் இருந்த விரல்பிடி போய்விட்டது. 'புத்தம் புதுசு' என்று விற்பதற்குள்ளும் 1979இன் கண்ணாடி அமைப்புதான் ஓடுகிறது. நடுவில் 1969இல் ஒன்று வந்தது. அதை நான் அதிகம் புழங்கியதில்லை, விட்டுவிடுகிறேன்.

கீழே இருந்து தொடங்குவோம். கம்பத்துத் திராட்சைப் பந்தலுக்குள் நின்று மேலே பாருங்கள். இலை இடுக்கில் வெள்ளை வெயில், அடியில் கொத்து வெட்டும் ஆட்களின் முகமெல்லாம் இருட்டு. கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இங்கே ரிஜிட்தான் என் தேர்வு. அதன் கோட்டிங் பழையது, கான்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு) குறைவு. உள்ளே சிதறும் வெளிச்சம் கொஞ்சம் நிழலிலும் விழுவதால் முகங்கள் முழுக்கக் கறுத்துப் போவதில்லை. நடுப்பகுதியின் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஓரங்கள்தான் முழுக்கத் திறந்த எஃப் 2இல் சற்றுத் தளர்வு. 1979இன் கண்ணாடி அதே இடத்தில் நிழலைக் கறுப்பாக இறுக்கிவிடுகிறது. டிஜிட்டலில் எடுக்கிறவருக்கு இந்த வாதம் பாதிதான் பொருந்தும், கான்ட்ராஸ்டைக் கணினியிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

புதியதற்கு ஃப்ளேர் (உள்ளே சிதறும் ஒளியால் வரும் வெளுப்பு) வராது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சூரியன் சட்டத்துக்குச் சற்று வெளியே நின்றால் 1979, 1994 இரண்டிலுமே படம் முழுக்க வெளுத்துவிடும். 1994இன் ஹூட் குட்டை, கை பட்டால் உள்ளேயும் போய்விடும். வெயிலுக்கு உள்ளங்கையை மறைப்பாகப் பிடிப்பதுதான் நம்பகம்.

மேலே போனால் கணக்கு தலைகீழ். வண்டிப்பெரியாறு தேயிலைச் சரிவில் மூட்டம் இறங்கினால் வெளிச்சமே சாம்பல். அங்கே ரிஜிட்டை எடுத்தால் சாம்பலுக்கு மேல் சாம்பல், பிரிண்ட் போடும்போது உயிர் போகும். புதியதில் கொழுந்து பறிப்பவரின் கூடையும் பிளாஸ்டிக் போர்வையும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய விஷயம் விடியற்காலை ஜீப். ஏலத்தோட்டத்துக்குக் கீழிருந்து மலையேறும் ஜீப்புகளில் ஆட்கள் தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். ரிஜிட் 1 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. எதிரே இருக்கிறவரின் முகத்துக்கே அது போதாது. புதியவை 0.7 மீட்டர் வரை வரும். 1956இலேயே ட்யூயல் ரேஞ்ச் என்று ஒன்று உண்டு, கூடவே வரும் கண்ணாடியை மேலே மாட்டினால் 48 சென்டிமீட்டர் வரை போகலாம். ஆடுகிற ஜீப்பில் அதை யார் மாட்டுவது? 1979இன் விரல்பிடியோ இருட்டிலும் தூரத்தைச் சொல்லும்: பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும். அந்த வசதியை 1994இல் ஏன் எடுத்தார்களோ!

பூஞ்சைக்கு மலை அருமையான வீடு. ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை நிற்கும்வரை ஈரப்பதம் இறங்குவதே இல்லை. பூஞ்சை புது லென்ஸிலும் பிடிக்கும். ஆனால் 60 வருட தூசும் எண்ணெய்ப் படலமும் உள்ள ரிஜிட்டில் அதற்குச் சாப்பாடு தயார். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பது அதை வளர்ப்பதற்குச் சமம். காற்றுப் புகாத டப்பா, நீல சிலிக்கா ஜெல், ரோஸாக மாறியதும் சூடுபடுத்திக் காயவைப்பது: கம்பத்தில் ஒருவேளை தப்பலாம், குமுளியில் குடியிருப்பவருக்கு இது இல்லாமல் முடியாது. ரிஜிட்டின் பக்கம் ஒரு நல்ல விஷயம், அதன் கண்ணாடித் தலைப்பகுதி ஃபோகஸ் உடம்பிலிருந்து திருகினாலே கழன்றுவிடும். சுத்தம் செய்கிறவருக்கு வேலை மிச்சம்.

ஒன்றே ஒன்று வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் 1979, விரல்பிடியோடு. மலைக்கு மேலே உங்களுக்கு வேலையே இல்லை, ஃபிலிமும் கறுப்பு வெள்ளை என்றால் ரிஜிட். இரண்டுக்கும் ஃபில்டர் 39 எம்எம், ஒரே மஞ்சள் ஃபில்டர் போதும். 2012இல் வந்த ஏபிஓ சுமிக்ரான் எல்லாவற்றையும் விடக் கூர்மை, விலையும் பல லட்சம். மழையில் அதை வெளியே எடுக்க எனக்கு மனசு வராது.

ரிஜிட் வாங்கப் போகிறவர் கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். பின்பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால் டயாஃப்ரம் (ஒளித் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள்) பக்கத்துக் கண்ணாடிகளில் வெண்மூட்டம் இருந்தால் தெரிந்துவிடும். சும்மா பார்த்தால் தெரியாது. முன்கண்ணாடியில் துடைத்த கீறல்கள் சில இருந்தால் பரவாயில்லை, விலையில் குறைத்துக் கேளுங்கள். மூட்டம் கண்ணாடியையே அரித்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு கேமராவில் மாட்டி, தூரத்து மலை முகட்டில் ஃபோகஸ் வைத்து, வியூஃபைண்டரில் இரட்டை உருவம் ஒன்றாகும்போது வளையம் முடிவிலிக் குறியில் நிற்கிறதா என்று பாருங்கள். அதே சோதனையை 1 மீட்டரிலும் செய்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.