சி.இசட். 457: மிஞ்சிய முயல்களுக்கு ஒரு .22 துப்பாக்கி

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோவில் முயல் என்றால் பீடைதான். பத்து முயல் சேர்ந்தால் ஓர் ஆடு மேயும் புல்லைத் தின்று தீர்த்துவிடும் என்பது அங்குள்ள பண்ணைக்காரர்களின் கணக்கு. புல் போனதும் காற்று மண்ணை வாரிக்கொண்டு போய்விடும். கட்டுப்படுத்தும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. முயல் அடர்த்தியைக் குறிக்கும் மெக்லீன் அளவுகோலில் 3-ஐத் தாண்டக் கூடாது என்பது ஒட்டாகோ வட்டார மன்றத்தின் விதி.

எண்ணிக்கை எகிறிவிட்ட நிலத்தில் துப்பாக்கியை நம்பக் கூடாது. அங்கே பிண்டோன் அல்லது 1080 நஞ்சுதான் முதல் வேலையைச் செய்யும். நஞ்சுக்குத் தப்பியவற்றை ஒவ்வொன்றாக எடுக்கத்தான் துப்பாக்கி. அந்த மிச்சத்தை அலட்சியமாக விட்டால் செலவழித்த பணம் அத்தனையும் வீண். பெண் முயலுக்குக் கர்ப்பகாலம் 30 நாள்தான். ஈன்ற கையோடு மறுபடியும் சினைபிடித்துவிடும். குட்டிகள் பெருகுவதற்கு முன்பு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான குளிர்மாதங்களில் இதை முடிப்பது நல்லது. செக் நாட்டு சி.இசட். நிறுவனத்தின் 457, .22 எல்.ஆர். எனும் .22 அங்குலச் சிறு தோட்டாவுக்கான மாடல், இந்த வேலைக்கு எப்படி என்று பார்ப்போம்.

457 வந்தது 2019-இல், அதே நிறுவனத்தின் பழைய 455-இன் இடத்துக்கு. பெரிய மாற்றம் போல்ட்டில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டில். பழையதில் கைப்பிடியை 90 டிகிரி தூக்க வேண்டும். இதில் 60 டிகிரி போதும். அதனால் கைப்பிடி ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) முட்டாது, ஸ்கோப்பைக் குழலுக்கு நெருக்கமாகத் தாழ்த்தி மாட்டலாம். சேப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) வலப்பக்கம் கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கிறது. முன்னே தள்ளினால் சுடத் தயார். 452, 455 வைத்திருந்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் முன்னே தள்ளினால் பூட்டு, இதில் முன்னே தள்ளினால் திறப்பு. கைப்பழக்கம் மாறும்வரை தோட்டா இல்லாமல் பழகிவிட்டு வெளியே எடுத்துப் போங்கள்.

விசையை (சுட விரலால் இழுப்பதை) இழுக்கத் தேவைப்படும் எடை, சுடும் முன் நகரும் தூரம், சுட்ட பின் நகரும் தூரம் மூன்றையும் திருகித் திருத்தலாம். இந்த விலைக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஒரு கிலோவுக்குக் கீழே இறக்காதீர்கள். குளிர்கால இரவில் விரல் மரத்துப்போயிருக்கும், கையுறை வேறு இருக்கும். மெல்லிய விசை அப்போது ஆபத்து. திருத்திய பிறகு, காலித் துப்பாக்கியில் போல்ட்டை ஓங்கி அடைத்தும், தோளில் அணைக்கும் கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் தட்டியும் பாருங்கள். விசை தானாக விழுந்தால் மறுபடி கூட்ட வேண்டும்.

குழல் 16, 20 அங்குல வாக்கிலும், அதைவிட நீளமாகவும் கிடைக்கிறது. .22 எல்.ஆர். தோட்டாவின் மருந்து 16 அங்குலத்துக்குள் எரிந்து முடிந்துவிடும். அதற்கு மேல் நீளத்தால் வேகம் பெரிதாக உயராது. சைலன்சர் மாட்டி, பிக்கப்பில் ஏறி இறங்கி, வேலிக் கம்பிக்குள் நுழைந்து போகிறவருக்குக் குட்டைக் குழல்தான் வசதி. நியூசிலாந்தில் சைலன்சருக்குத் தனி அனுமதி தேவையில்லை. முயல் கூட்டம் சத்தத்துக்குக் கலையாமல் இருக்க இது அவசியம் என்றே சொல்வேன். வாங்கும்போது குழல் முனையின் மரையைப் பார்த்து வாங்குங்கள். அரை அங்குல விட்டத்திலேயே, அங்குலத்துக்கு 20 மரை, 28 மரை என இரண்டு வகை புழங்குகிறது. மாற்றி ஏற்றினால் மரை கெடும். கோணலாக உட்கார்ந்துவிட்டால் குண்டு சைலன்சரின் உள்தட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.

இனி தோட்டா. துப்பாக்கியைவிட இதில்தான் காரியம் இருக்கிறது. 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) வாக்கில் எடையுள்ள, ஒலியைவிட மெதுவான, நுனி குழிந்த குண்டுதான் முயலுக்கு. சி.சி.ஐ., ஈலி, ஆர்.டபிள்யூ.எஸ்., வின்செஸ்டர் நான்கிலும் உண்டு. எது இந்தக் குழலுக்கு ஒத்துப்போகும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். ஒரே மாடல் துப்பாக்கி இரண்டுகூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். ஒவ்வொரு வகையிலும் ஒரு பெட்டி வாங்கி, மணல்பை மேல் வைத்து, 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், குழலில் பழைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு இருக்கும். ஐந்தும் 20 மி.மீ. வட்டத்துக்குள் விழும் தோட்டா கிடைத்துவிட்டால் அதே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 457-இல் அப்படி ஒன்று கிடைக்காமல் போவது அபூர்வம். முயலைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சுட வேண்டும். அங்கே மூளை இருக்கும் இடம் 25 மி.மீ. வாக்கில்தான். குண்டுகள் அதைவிட அகலமாகச் சிதறினால் முயல் காயத்தோடு வளைக்குள் ஓடிச் செத்துப்போகும். அப்படிச் சாகவிடுவது பெரும் பாவம்.

குளிர் இன்னொரு கணக்கு. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், பூஜ்ஜியத்தில் 331. நொடிக்கு 326 மீட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் தோட்டா கோடையில் அமைதியாகப் போகும். ஒட்டாகோவின் உறைபனி இரவில் அதிலேயே சில குண்டுகள் ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சடாரென்று வெடிக்கும். சைலன்சர் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 320 அல்லது அதற்குக் கீழே போட்டிருக்கும் தோட்டாவுக்கு மாறினால் போதும்.

ஸ்கோப்பைக் குழலின் நடுக்கோட்டிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் மாட்டி, 50 மீட்டருக்குக் குறி சரிசெய்தால், இந்த வேகத்தில் போகும் குண்டு 25 மீட்டரில் ஒரு செ.மீ. அளவுக்கு மேலே விழும். 10 மீட்டரில் அதே அளவு கீழே. 75 மீட்டரில் எட்டு ஒன்பது செ.மீ. கீழே. 100 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிடும். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று 50 மீட்டரில் இரண்டரை செ.மீ. தள்ளும், 75 மீட்டரில் ஐந்தரை, 100 மீட்டரில் பத்து. இந்த எண்களைப் பார்த்தாலே எல்லை எது என்று விளங்கும்: காற்றில்லாத இரவில் 70 மீட்டர், காற்றடித்தால் 50. துப்பாக்கி அதற்கு மேலும் துல்லியமாகச் சுடும், குண்டுதான் கைவிடும். 100 மீட்டரில் முயல் அடித்தேன் என்று சொல்பவர்கள் தப்பியவற்றைச் சொல்வதில்லை.

ஸ்கோப்புக்கு 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 40 மி.மீ.) தாராளம். ஆனால் பேரலாக்ஸ், அதாவது கண் விலகினாலும் குறி நகராத தூரம், 50 கெஜத்துக்கு வைத்ததா என்று பாருங்கள். பெரிய துப்பாக்கிகளுக்கானவை 100 கெஜத்துக்கு வைத்திருப்பார்கள். 30 மீட்டரில் கண் சற்று விலகினாலே குறி நகரும். 457-இன் மேற்புறம் ஸ்கோப் வளையங்கள் பிடித்துக்கொள்ளும் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம், அதற்கான வளையங்களையே வாங்க வேண்டும். வெப்பக்காட்சி ஸ்கோப் மாட்ட நினைப்பவருக்குப் பிக்கட்டினி ரயில் (குறுக்கு வெட்டுகள் கொண்ட மாட்டும் பட்டை) தனியாக வேண்டும், உயரமும் கூடும், மேலே சொன்ன கணக்கும் மாறும். ஒளிவிளக்கைப் பார்த்ததும் ஓடப் பழகிவிட்ட முயல்கள் உள்ள நிலத்தில் வெப்பக்காட்சிக்குக் கொடுக்கும் காசு தகும்.

குறைகளும் உண்டு. ஐந்து தோட்டா மேகசின் பிளாஸ்டிக். கட்டையோடு ஒட்டி அழகாக உட்காரும், ஆனால் ஐந்து போதாது. பத்து தோட்டாவுடையது கீழே துருத்தும், பையில் சிக்கும். ஒட்டாகோவின் மாவு போன்ற மண்தூசி தோட்டாவின் மெழுகில் ஒட்டி மேகசினுக்குள் சேர்ந்தால், தோட்டாவை மேலே தள்ளும் தட்டு மந்தமாகி, குண்டின் மூக்கு தோட்டா உட்காரும் அறையின் வாயில் இடித்து நிற்கும். கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் போட்டால் தூசி இன்னும் ஒட்டும். சில நூறு தோட்டாக்களுக்குப் பிறகு வெற்றுக்கூடு இழுக்கக் கனமானால், அறையின் முன்விளிம்பில் கரி வளையம் கட்டியிருக்கிறது என்று பொருள். வெண்கலத் தூரிகையில் கரைப்பானைத் தொட்டு அந்த இடத்தை மட்டும் தேயுங்கள். குழல் முழுவதையும் அடிக்கடி சுரண்ட வேண்டியதில்லை. சுரண்டினால் மறுபடி குறி நிலைக்கப் பத்திருபது தோட்டா செலவாகும். திடீரென்று குண்டுகள் சிதறத் தொடங்கினால் முதலில் கட்டையைப் பிடிக்கும் திருகுகளையும் ஸ்கோப் வளையங்களையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கோளாறு இருக்கும்.

சைலன்சருக்குள் ஈயமும் கரியும் படியும். கழற்ற முடிகிற வகையையே வாங்கி, சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை பிரித்துச் சுரண்டுங்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதில் தோலில் ஊறக்கூடிய ஈய அசிடேட் உண்டாகும், கொடிய நஞ்சு. செய்யாதீர்கள்.

ஒட்டாகோ மலைகள் முழுக்க சிஸ்ட் பாறை. மெதுவாகப் போகும் உருண்டைமூக்கு ஈயக்குண்டு பாறையிலோ உறைந்த தரையிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து எந்தப் பக்கமும் பாயும். தடையின்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும். நுனி குழிந்த குண்டில் இது குறையும், ஒழியாது. முயலுக்குப் பின்னால் மண்மேடு தெரிந்தால் மட்டும் சுடுங்கள். மேட்டு விளிம்பில் வானத்தை முதுகாக வைத்து நிற்கும் முயலை விட்டுவிடுங்கள்.

கறிக்கு எடுப்பதானால் அந்த நிலத்தில் நஞ்சு வைத்தார்களா என்று உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள்; வைத்திருந்தால் தொடவே கூடாது. தலையில் அடித்த முயலுக்கு உடனே குடலை எடுத்து, ஆறவிட்டு, தலையையும் கழுத்தையும் வெட்டி எறிந்தால் ஈயத்துகள் பெரும்பாலும் அதோடு போய்விடும். கறிக்கு எடுக்காதவற்றையும் வயலில் விடாமல் புதையுங்கள், பருந்துகள் ஈயத்தோடு தின்னும்.

போசத்துக்கு (மரமேறும் சிறு பைம்மா விலங்கு) 20 மீட்டருக்குள் தலையில் அடித்தால் இது போதும். வாலபிக்கும் (சிறு கங்காரு) காட்டு ஆட்டுக்கும் போதாது, இதைவிட வலுவான .223 தோட்டாத் துப்பாக்கியை எடுங்கள். 100 மீட்டருக்கு மேல் திறந்த வெளியில் சுடும் தேவை இருந்தால் .17 எச்.எம்.ஆர். தோட்டாவுக்கான 457 இருக்கிறது. 17 கிரெய்ன் குண்டு நொடிக்கு 777 மீட்டர் வேகத்தில் போகும், 150 மீட்டர்வரை அடிக்கலாம். ஆனால் சைலன்சரையும் மீறிச் சத்தம் கேட்கும், தோட்டா விலை கூடுதல், உடம்பில் பட்டால் கறி பாழ். ஓடும் பிக்கப்பிலிருந்து வரிசையாகச் சுட விரும்புவோர் ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ருகர் 10/22 பக்கம் போகிறார்கள். மெதுவான தோட்டாவில் அது சில நேரம் முழுச் சுற்றுச் சுற்றாமல் சிக்கும், அதன் போல்ட் அடிக்கும் சத்தமும் தனி. மிஞ்சிய முயலைப் பொறுமையாக எடுக்கும் வேலைக்கு என் தேர்வு 457-தான்.

வாங்க நியூசிலாந்துத் துப்பாக்கி உரிமம் வேண்டும். 2023 முதல் துப்பாக்கியைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். இரவு வேட்டை தனியார் நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு மட்டும். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொதுநிலத்தில் விளக்கடித்துச் சுடத் தடை. தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதை ஊருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்: காட்டு முயல் வேட்டை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.