டர்பன் கடைக்கும் லெனேசியா கிடங்குக்கும் நடுவே ஒரு விபிஎன்: ஏழு வருட அனுபவம்

விபிஎன் என்று வாயைத் திறந்தாலே, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் எனக்கு வரும் முதல் கேள்வி, "அதுல இந்தியா சீரியல் பார்க்கலாமா தம்பி?" என்பதுதான். இது அந்த விபிஎன் பற்றிய பதிவு அல்ல. ஊர் முழுக்கப் பயன்படுத்தும் பொது இணையத்தின் மேலேயே, ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவே நமக்கு மட்டுமான வலையை நாமே கட்டிக்கொள்வது பற்றியது. 2018 முதல் அதைக் கட்டி, உடைத்து, மறுபடி கட்டி மேய்த்து வருகிறேன்.

நான் தஞ்சாவூர்க்காரன். 2017-ல் டர்பனுக்கு வந்தேன். மசாலா, பருப்பு, பூஜைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கணினி வேலை பார்க்கிறேன். முதலாளி இங்கேயே நான்காம் தலைமுறை. கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணா, எனக்கும்தான். கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு கடை (இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட், ஆனால் பழைய பெயரை யாரும் விடவில்லை), சாட்ஸ்வொர்த்தில் ஒன்று, ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் ஒரு கிடங்கு. பில்லிங், ஸ்டாக் எல்லாம் கிரே ஸ்ட்ரீட் மாடியில் இருக்கும் ஒரே சர்வரில். மற்ற இரண்டு இடங்களும் அதோடு பேசினால்தான் வியாபாரம். புரட்டாசியில், கற்பூரமும் பருப்பும் மூட்டை மூட்டையாகப் போகிற வாரத்தில், லைன் அரை மணி நேரம் செத்தால் அண்ணா என் மேசைக்கே வந்து நின்றுவிடுவார்.

நான் வந்தபோது இருந்தது பிபிடிபி. 1999-ல் ஆவணமான பழைய விபிஎன் முறை. அதில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் கடவுச்சொல் சரிபார்ப்பை உடைத்துவிடலாம் என்று 2012-லேயே மேடை போட்டுக் காட்டிவிட்டார்கள். அது போதாதென்று மூன்று இடத்துக்கும் ஒரே கடவுச்சொல். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது தெரியும். அதை எடுத்துவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் ஒரு நிறுவனத்திடம் எம்பிஎல்எஸ் விலை கேட்டோம். அவர்கள் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே நம் பாக்கெட்டுகளுக்கு (தரவுத் துண்டுகளுக்கு) தனி லேபிள் ஒட்டி, தனி ரூட்டிங் அட்டவணையில் போட்டு, மற்ற வாடிக்கையாளர் கண்ணில் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தடம் தனியே தவிர பூட்டு கிடையாது. மறையாக்கம் வேண்டுமென்றால் நாம்தான் மேலே போட வேண்டும். விலையைப் பார்த்த அண்ணா, "இதுக்கு நானே தினமும் ட்ரக் எடுத்துட்டு ஜோபர்க் போய்ட்டு வரலாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்புறம் ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள். இங்கேதான் என் பெரிய முட்டாள்தனம். மாதக் கட்டணம் மலிவாக இருக்கிறதே என்று மூன்று இடமும் வந்து சேரும் நடுச் சர்வரை ஆம்ஸ்டர்டாமில் வாடகைக்கு எடுத்தேன். எந்த ஃபயர்வாலையும் தாண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி டிசிபி 443-ல் ஓட்டினேன். டிசிபி என்பது தொலைந்த பாக்கெட்டைத் தானே மறுபடி அனுப்பும் முறை. டிசிபிக்குள் இன்னொரு டிசிபி என்றால், ஒரு பாக்கெட் தொலைந்தால் உள்ளேயும் வெளியேயும் இருவரும் மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து முட்டிக்கொண்டு நிற்கும். லெனேசியாவிலிருந்து டர்பன் சாலை வழியே 600 கிலோமீட்டருக்குக் கீழேதான். ஆனால் எங்கள் மிளகாய்த்தூள் கணக்கு ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்தது. பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 300 மில்லிசெகண்டைத் தாண்டும். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஃபோன் செய்து, "தம்பி, லைன் தூங்குது" என்பார். நான் இங்கிருந்து ரீஸ்டார்ட் செய்வேன். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம்.

2020 ஜனவரியில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் ஓடும் வாக்ஸ், சாட்-3 என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் ஒரே சமயத்தில் அறுந்தன. நாடு முழுக்க வெளிநாட்டு இணையம் தவழ்ந்தது. சாட்ஸ்வொர்த் கடைக்கும் கிரே ஸ்ட்ரீட்டுக்கும் இடையே காரில் போனால் அரை மணி நேரம். அந்த இரண்டுக்கும் நடுவே பில் போக வேண்டுமானால் அட்லாண்டிக் கடலின் அடியில் ஒரு கம்பி நன்றாக இருக்க வேண்டும் என்ற நிலைக்கு நான்தான் கொண்டுவந்து விட்டிருந்தேன். விபிஎன் தருவது பூட்டு, ரோடு அல்ல. ரோடு எல்லோருடையது, அதன் பள்ளமும் நம்முடையதுதான். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வாரமே ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு சின்னச் சர்வர் எடுத்தேன். வாடகை கொஞ்சம் கூடுதல். பிங் 15 மில்லிசெகண்டுக்குள் வந்தது.

மார்ச் 27-ல் லாக்டவுன். இரண்டு நாள் கழித்து, வயர்கார்டு என்ற புது விபிஎன் முறையைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்ட லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) 5.6 வெளிவந்தது. மளிகை அத்தியாவசியம் என்பதால் கடை திறந்திருந்தது. கணக்கர் மட்டும் வீட்டிலிருந்து. ஊர் அடங்கிக் கிடந்த அந்த வாரங்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வயர்கார்டுக்கு மாற்றினேன். சுமார் 4,000 வரி நிரல், யுடிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பாத முறை) மட்டும், மறையாக்க முறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சாவி ஜோடி (ஒன்று ரகசியம், ஒன்று பொது), பொதுச்சாவியை மாற்றிக்கொண்டால் முடிந்தது. ஐபிசெக் என்ற இன்னொரு விபிஎன் முறையில் இரு முனையும் ஒத்துப்போக நான் முன்பு வேறு வேலையில் தொலைத்த இரவுகளை நினைத்தால் இது விளையாட்டு.

முகவரிக் கதை ஒன்று. மூன்று இடத்திலும் ரவுட்டர் வாங்கியபோது வந்த அதே 192.168.1 வரிசைதான் இருந்தது. கணக்கர் வீட்டிலும் அதுவே. இப்படி இருந்தால் டனல் (விபிஎன் இணைப்பு) போட்டும் பயனில்லை, பிரிண்டரைக் கேட்டால் வீட்டு டிவி பதில் சொல்லும். யாரும் வைத்திருக்காத வரிசை ஒன்று வேண்டும், ஏதாவது எண் சொல்லுங்கள் என்று அண்ணாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். யோசிக்கவே இல்லை: "1860." மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் கூலித் தொழிலாளர்களோடு டர்பன் துறைமுகம் வந்த வருடம். ஆக கிரே ஸ்ட்ரீட் 10.18.60, சாட்ஸ்வொர்த் 10.18.61, லெனேசியா 10.18.62. இன்றுவரை எந்த வீட்டு ரவுட்டரோடும் மோதியதில்லை.

ஃபைபர் போனால் எல்டிஇ மொபைல் இணையம் என்று மாற்று ஏற்பாடு வைத்தோம். மொபைல் சிம்மில் நமக்கென்று பொது முகவரி கிடைக்காது, 100.64 என்று தொடங்கும், பலர் பகிரும் முகவரிதான் வந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே கதவு தட்ட முடியாது. அதனால்தான் நடுவில் ஒரு சர்வர் வேண்டியிருக்கிறது: எல்லோரும் அதை நோக்கி வெளியே பேசுவார்கள். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பச் சொல்லி வைத்தால் வழி மூடாது. நடுச் சர்வர் மேய்க்க நேரமில்லாதவர்கள் டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் வயர்கார்டின் மேல் கட்டியதுதான், இந்தக் கதவு தட்டும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

எல்டிஇக்கு மாறும்போது மட்டும் ஒரு விசித்திரம். பிங் போகும், ஒரு வரி பில் போகும், ஸ்டாக் அறிக்கை மட்டும் பாதியில் நிற்கும். பாக்கெட் அளவுதான் காரணம். வயர்கார்டு வழக்கமாக 1420 பைட் வைக்கும்; ஐபிவி4-ல் அதன் மேல் 60 பைட் உறை ஏறும். ஃபைபரில் 1480 தாராளமாக நுழைந்தது, எங்கள் மொபைல் வழியில் நுழையவில்லை. "பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கு" என்ற அறிவிப்பும் நடுவில் எங்கோ தடுக்கப்பட்டதால் திரும்பி வரவில்லை. எல்லா முனையிலும் 1360 என்று குறைத்தேன். அன்றோடு தீர்ந்தது.

இனி, என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது. 2023, லோட் ஷெட்டிங் (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) உச்சம், அதன் ஆறாம் கட்டமான ஸ்டேஜ் 6. நம்மூர் மின்வெட்டு பார்த்து வளர்ந்தவன்தான் நான், ஆனால் ஒரு நாளில் மூன்று நான்கு முறை போனால் யுபிஎஸ் பேட்டரி சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. லெனேசியாவில் ரவுட்டராக இருந்தது ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி. கரண்ட் வந்தபின் இணையம் உடனே வந்துவிடும், டனல் மட்டும் வராது. சில நாள் பத்து நிமிடம், சில நாள் முக்கால் மணி. நான் உள்ளே புகுந்து பார்ப்பதற்குள் தானாகவே சரியாகிவிடும். தானாகச் சரியாகும் பழுதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. அக்காவோ, "நீ ஃபோன் எடுத்தாலே வந்துடுது தம்பி" என்று எனக்குக் கைராசி பட்டம் கொடுத்துவிட்டார்.

காரணம் கடிகாரம். வயர்கார்டு கைகுலுக்கும்போது அனுப்பும் முதல் செய்தியில் ஒரு நேர முத்திரை இருக்கும். பழைய செய்தியைப் பிடித்து வைத்து யாரும் மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, கடைசியாகப் பார்த்த நேரத்தைவிடப் பிந்தியதை மட்டுமே எதிர்முனை ஏற்கும். எங்கள் ராஸ்பெர்ரி பையில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது; மணிக்கு ஒருமுறை நேரத்தைக் கோப்பில் எழுதி வைத்து, மறுபடி ஏறும்போது அதிலிருந்து தொடங்கும். 5:17-க்கு எழுதியது, 6 மணிக்குக் கரண்ட் போனது, 8 மணிக்கு வந்தது என்றால், அதற்கு இப்போதும் மணி 5:17. ஜோகன்னஸ்பர்க் சர்வரோ கிட்டத்தட்ட 6 மணி முத்திரையைப் பார்த்துவிட்டது. அதற்கு முந்தியது எது வந்தாலும் சத்தமே இல்லாமல் குப்பையில் போடும். சரி, இணையத்திலிருந்து நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே? அதற்கு நேரச் சர்வரின் பெயரை முகவரியாக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸை நான் டனலுக்குள், கிரே ஸ்ட்ரீட்டில் வைத்திருந்தேன். டனல் வர நேரம் வேண்டும், நேரம் வர டனல் வேண்டும். பை தன் கடிகாரத்திலேயே 6 மணி தாண்டும்வரை காத்திருந்து, அப்புறம்தான் உள்ளே வந்தது.

அந்தப் பைக்கு மட்டும் டிஎன்எஸ்ஸை டனலுக்கு வெளியே எடுத்துவிட்டேன். கூடவே நாணய பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றையும் பொருத்தினேன். அதற்கப்புறம் கரண்ட் வந்த சில நொடிகளில் டனல் வந்துவிடுகிறது. மின்வெட்டு உள்ள ஊரில் வயர்கார்டு போடும் யாராக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உங்கள் ரவுட்டரில் கடிகாரம் இருக்கிறதா?

ஆள் பக்கம் வருவோம். வயர்கார்டில் பயனர் பெயரே கிடையாது, சாவிதான் ஆள். ஒரு லேப்டாப்பைச் சிக்னலில் கார்க் கண்ணாடி உடைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்; நடுச் சர்வரில் அந்த ஒரு பொதுச்சாவியை நீக்கினேன், ஒரு நிமிட வேலை. இந்த நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக அமலில் இருக்கிறது, கடன் வாடிக்கையாளர் பட்டியல் வேறு நம்மிடம் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய நிம்மதி. ஆனால் எந்தச் சாவி யாருடையது என்று மென்பொருள் சொல்லாது. நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன், சிரிக்க வேண்டாம். ஒருமுறை சோம்பலில் அண்ணாவின் ஃபோன் கோப்பையே அண்ணியின் ஃபோனிலும் போட்டுவிட்டேன். ஒரே சாவி இரண்டு இடத்திலிருந்து பேசினால், சர்வர் கடைசியாகப் பேசியவர் பக்கமே பதிலை அனுப்பும். இருவரும் மாறி மாறித் துண்டிக்கப்பட்டார்கள். வீட்டில் யார் ஃபோன் பழுது என்று சண்டையே வந்தது.

இன்னொரு தவறு: ஆரம்பத்தில் எல்லா போக்குவரத்தையும் டனலுக்குள் திருப்பியிருந்தேன். சாட்ஸ்வொர்த் கல்லாவில் மதியம் ஓடும் பாட்டு வீடியோ எல்லாம் ஜோகன்னஸ்பர்க் சர்வரின் டேட்டாவைத் தின்றது. இப்போது 10.18 முகவரிகள் மட்டும் டனலில். மற்றது நேராக வெளியே.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எதுவும் தாக்குப்பிடிக்கவில்லை. டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்த வெள்ளம் அது. ஃபைபர், எல்டிஇ, கரண்ட் மூன்றும் போயின. அந்த வாரம் லைன் பற்றி யாரும் கேட்கவுமில்லை. 2024 மே மாதம் கிழக்குப் பக்கம் ஈஸ்ஸி, சீகாம் கேபிள்கள் அறுந்தபோது மட்டும் மனதுக்குள் கொஞ்சம் பெருமை. வெளிநாட்டுத் தளங்கள் மெல்ல ஊர்ந்தன, எங்கள் பில் அசையவில்லை. பாக்கெட் நாட்டை விட்டே போகவில்லையே.

குறை இல்லாமல் இல்லை. நடுச் சர்வர் இன்னும் ஒன்றுதான். அது படுத்தால் மூன்று இடமும் படுக்கும். கேப்டவுனில் இரண்டாவது ஒன்று வைக்க அண்ணாவிடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஓடுதுல்ல?" என்கிறார். இதற்கிடையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு சின்னக் கடை பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டார். 10.18.63 ஒதுக்கியாயிற்று. போய்ப் பார்த்ததில் அந்தத் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. எல்டிஇ சிக்னல் கடையின் பின்கட்டில், மாடிப்படி ஓரம் மட்டும் கிடைக்கிறது.