அப்பாவின் மர்ஃபியை ரிப்பேர் செய்து தந்த கடை

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தூக்கிப் போட மனசில்லாமல், எங்கே கொடுத்துச் சரி பண்ணுவது என்றும் தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. அப்பாவின் மர்ஃபி ரேடியோவைப் போன கார்த்திகையில் அங்கே கொடுத்தேன். ஐந்து வாரம் ஆனது. கடைக்காரர் 2,350 ரூபாய் வாங்கினார். முப்பத்தைந்து வருஷம் வாய் திறக்காத பெட்டி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடுகிறது. தன் பெயரையும் நம்பரையும் இணையத்தில் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஒரே ஆள், கூட்டம் வந்தால் வேலை கெட்டுவிடும் என்றார். அதனால் அந்த இரண்டும் இதில் இருக்காது.

எனக்குச் சொந்த ஊர் உடன்குடி. அப்பா கருப்பட்டி வியாபாரம். 1971-இல் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரும்போது தோளில் இந்த மர்ஃபி தொங்கியது. பழுப்புத் தோல் உறை, முன்பக்கம் பொட்டுப் பொட்டாகத் துளை, மீடியம் வேவ் ஒன்று, ஷார்ட் வேவ் இரண்டு. அதற்கென்று லைசென்ஸ் புத்தகம் தனியாக உண்டு. வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் 80-களின் நடுவில்தான் ஒழிந்தது.

பெரிய செல் நாலு போட வேண்டும். செல் வாங்குவது எங்கள் வீட்டில் ஒரு செலவுக் கணக்கு. சத்தம் இறங்க ஆரம்பித்தால் அம்மா செல்லைக் கழற்றி முறத்தில் பரப்பி, மோர் மிளகாய்க்குப் பக்கத்திலேயே வெயிலில் வைப்பாள். சாயங்காலம் திரும்பப் போட்டால் இன்னும் இரண்டு நாள் தாங்கும். அதனால் அப்பா அளந்துதான் ரேடியோ போடுவார். காலையில் அரை மணி, ராத்திரி ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதல். அவர் கடைக்குப் போன பிறகு திருகியைத் தொடக் கூடாது.

எங்கள் பக்கம் ரேடியோ என்றால் சிலோன்தான், அதாவது கொழும்பிலிருந்து வரும் இலங்கை வானொலி. திருநெல்வேலியில் 1963-லேயே வானொலி நிலையம் வந்துவிட்டது. செய்திக்கு அது, பாட்டுக்குச் சிலோன். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒதுக்கிவைத்தார். கொழும்பிலோ அதற்குச் சற்று முன்புதான் வர்த்தக சேவை தொடங்கியிருந்தது, அங்கே பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1957-இல் ஆல் இந்தியா ரேடியோவின் பாட்டுச் சேவையான விவித் பாரதி வருவதற்குள் எங்கள் ஊர் ரேடியோ முள்ளெல்லாம் கொழும்பில் நின்றுவிட்டது. கடலோர ஊர் என்பதால் இன்னொரு வசதியும் இருந்தது. மீடியம் வேவ் அலை மண்ணைவிட உப்புத் தண்ணீர் மேல் தளராமல் போகுமாம். இதை ஐம்பது வருஷம் கழித்து அந்த மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொழும்பு பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரிக் கேட்டது அதனால்தான் என்றார்.

அப்பா தன் இளவயசில் கேட்ட சிலோன் அறிவிப்பாளர் மயில்வாகனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். நானும் அக்காவும் கேட்டது கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது. காலையில் 'பொங்கும் பூம்புனல்' போடும்போது அம்மா தோசைக்கல்லைத் துடைப்பாள். 'கூட்டுத்தாபனம்' (கார்ப்பரேஷன்) என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அவர்கள் சொல்லித்தான் கற்றேன். 'பாட்டுக்குப் பாட்டு' நடக்கும்போது ஹமீது எழுத்தைச் சொன்னதும் அங்கே பாடுகிறவருக்கு முன்னால் அக்கா எங்கள் வீட்டில் பாடிவிடுவாள். அவள் பாட்டு நோட்டில் எழுத்து வாரியாகப் பாட்டின் முதல் அடிகள் இருந்தன. பிறகு அந்தப் பொப்பிசை. நம் ஊரில் 'பாப்' என்று எழுதுவதை அவர்கள் 'பொப்' என்பார்கள். நித்தி கனகரத்தினமும் ஏ.இ.மனோகரனும் கிதாரோடும் பைலா என்கிற இலங்கை ஆட்டத் தாளத்தோடும் தமிழில் பாடியது எங்களுக்கு அதுவரை தெரியாத ஒரு கொண்டாட்டம். சினிமாவில் வராமலேயே ஒரு பாட்டு ஊரெல்லாம் பாடப்படும் என்பதை அப்போதுதான் பார்த்தேன். அக்கா கடைத் தகர டின்னைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போடுவாள்.

டயல் கண்ணாடியில் சிலோன் வரும் இடத்தில் அவள் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். ஷார்ட் வேவில் 25 மீட்டருக்குப் பக்கத்தில், சிவப்பாக. இன்னும் இருக்கிறது.

அப்பா போன பிறகு செல் உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துவிட்டது. மதுரைக்கு மாற்றலாகி வந்தபோது பெட்டியையும் எடுத்துவந்து பரணில் வைத்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு இடத்தில் கொடுத்துப் பார்த்தேன். ஓர் இடத்தில், உள்ளே இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு ப்ளூடூத் போர்டு வைத்துத் தருகிறேன், 900 ரூபாய் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஆறு மாதம் வைத்திருந்து, ஒரு திருகியைத் தொலைத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இந்தக் கடையைச் சொன்னார்.

படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி கிடையாது. மேலே பத்துக்குப் பத்து அறை. பிஸ்கட் டின்களில் பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய உறுப்புகள், ஒவ்வொரு டின்னிலும் சீட்டு ஒட்டியிருக்கிறது. அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பெட்டியைக் கையில் வாங்கியதும் ஆட்டிப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்த்தார். "செல்லு கசிஞ்சிருக்கு, டிரான்ஸ்பார்மர் எரியல" என்றார். திறந்து பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது.

நானே தயங்கித் தயங்கி ப்ளூடூத் கேட்டேன், பேரன் சொன்னான் என்று. "அத எந்த டப்பாக்குள்ள வேணும்னாலும் வச்சுக்கலாம்ல டீச்சர். இத ஏன் கெடுக்கணும்?" என்றார். அந்த ஒரு பதிலுக்கே பெட்டியை நம்பி வைத்துவிட்டு வந்தேன்.

என்னென்ன செய்தார் என்பதை எழுதிவிடுகிறேன், உங்கள் ரேடியோவுக்கும் அநேகமாக இதேதான் தேவைப்படும். காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் மாற்றினார். அவுட்புட்டில் ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போயிருந்தது, ஏ.சி.128. இப்போது கிடைப்பதெல்லாம் சிலிக்கான், அதைப் போட்டால் கொடுக்க வேண்டிய வோல்டேஜே வேறு, சுற்றி இருப்பதையெல்லாம் மாற்ற வேண்டும். அதனால் தன் டின்னில் தேடி அதே ஜோடியைப் போட்டார். பாதி நாள் அதற்குத்தான் போனதாம். வால்யூம் கண்ட்ரோலைக் கழற்றிக் கழுவினார், கரகரப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. மெல்லிய தாளும் பசையும் வைத்து ஒட்டினார், ஸ்பீக்கரை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் சத்தம் கூடியிருக்கும், ஆனால் இந்தக் குரல் வந்திருக்காது. தொலைந்துபோன திருகிக்கு வேறொரு செத்த மர்ஃபியிலிருந்து ஒன்று கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

டயல் கயிறு அறுந்திருந்தது. புதுக் கயிறு கோத்த பிறகு முள்ளை எங்கே நிறுத்துவது என்று ஒரு கேள்வி வருமாம். எனக்குப் போன் பண்ணி, "கண்ணாடியில ஒரு செவப்புப் பொட்டு இருக்கே, அது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அதுக்குத் தக்கன நிறுத்துறேன்" என்றார். சிக்னல் ஜெனரேட்டர் வைத்து 455 கிலோஹெர்ட்ஸில் ஐ.எஃப்.டி. என்கிற உள்ளே இருக்கும் சின்னச் சுருள்களைத் திருகி, பேண்ட் பேண்டாகச் சரி பார்த்திருக்கிறார். அக்கா வைத்த பொட்டு இன்று 25 மீட்டரில் சரியாக நிற்கிறது.

பெட்டியை வாங்கப் போன அன்று பின்மூடியைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். "எல்லாத்தையும் தொடச்சேன் டீச்சர், இத மட்டும் தொடல. உங்க அப்பா எழுத்தா?" மூடியின் உட்பக்கம் பென்சிலில் வரிசையாகத் தேதிகள். அப்பா செல் மாற்றிய நாட்கள். கருப்பட்டிக் கணக்கு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. இத்தனை வருஷம் அந்த மூடியை நான் திறந்ததே இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் நடுவே இரண்டு மாதம், இரண்டரை மாதம். ஓரிடத்தில் மட்டும் 11-6-77, அடுத்தது 20-6-77. ஒன்பதே நாள்.

ராத்திரி அக்காவுக்குப் போன் பண்ணி வாசித்தேன். அவள் உடனே சொன்னாள், அது அந்த வாரம்தான் என்று. அக்கா அப்பாவுக்குத் தெரியாமல் கொழும்புக்கு ஒரு பாட்டுக் கேட்டுக் கடிதம் போட்டிருந்தாள். வெளிநாட்டுத் தபாலுக்கு என் உண்டியல் காசும் சேர்ந்தது. மாதக் கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சாய்வு நாற்காலியில் இருக்கும்போதே, பெயர் வரிசை வாசித்தார்கள். ஆறேழு ஊர், பத்துப் பதினைந்து பெயர், நடுவில் உடன்குடி, அக்கா பெயர், அவள் பெயரோடு அப்பா பெயர். அக்கா அடுக்களைக்கு ஓடிவிட்டாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மறுநாள் காலையில் ரேடியோவை அணைக்காமல் வேலைக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அது பாடிக்கொண்டே இருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. மறந்துபோய் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அணை என்று யாரும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

"திட்டுவாரோன்னு ஒரு மாசம் பயந்துட்டு இருந்தேன்" என்றாள் அக்கா. பிறகு அந்தத் தேதிகளை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

இப்போது ரேடியோ எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். மீடியம் வேவில் திருச்சி 936-ம் திருநெல்வேலி 1197-ம் ராத்திரியில் தெளிவாகக் கிடைக்கின்றன. பகலில் திருநெல்வேலி மெலிந்துவிடும். வீட்டில் எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் ஓடினால் இரைச்சல் ஏறும், அணைத்துவிட்டுக் கேளுங்கள். பெட்டியைத் திருப்பி வைத்துப் பாருங்கள், உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடு எந்தத் திசையில் கிடக்கிறதோ அதைப் பொறுத்துச் சத்தம் மாறும். இதில் எஃப்.எம். கிடையாது, கொடைக்கானல் 100.5 வேண்டுமென்றால் வேறு பெட்டிதான். ஷார்ட் வேவ் இரண்டில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. இன்னொன்றின் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டது, அதே மாதிரி கிடைக்கும்போது போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சிவப்புப் பொட்டில் முள்ளை வைத்தால் எங்கள் வீட்டில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வருகிறது. அதையும் சில ராத்திரி கேட்கிறேன். பிறகு மெல்லத் திருகித் திருச்சிக்குப் போவேன்.

பாட்டு மட்டும் வேண்டுமென்றால் என் போனில் எல்லாம் இருக்கிறது. அன்று கேட்ட பொப்பிசையைத் தேடி எடுத்து மகன் போட்டுக் கொடுத்திருக்கிறான், தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அடுத்து என்ன பாட்டு என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, யாரும் யார் பெயரையும் வாசிப்பதில்லை. மர்ஃபியில் ராத்திரி ஒன்பதரைக்கு ஓர் அறிவிப்பாளர் ஊர்ப் பெயர்களை வாசிக்கும்போது கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

கடையின் குறைகளையும் சொல்கிறேன். ரசீது தரமாட்டார், ஒரு சீட்டில் பேனாவால் எழுதித் தருவார். சொன்ன தேதியில் கிடைக்காது, எனக்கு மூன்று வாரம் என்று சொல்லி ஐந்தாகிவிட்டது. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை கடை இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் அந்தப் படியில் தனியாக ஏறவேண்டாம். பழைய டேப்ரெக்கார்டர் பார்ப்பாரா என்று கேட்டேன், பெல்ட் கிடைத்தால் பார்ப்பாராம். வால்வு ரேடியோ பார்க்கிறார். டி.வி. எடுக்கமாட்டார். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அந்த அரை தாமதத்துக்காக.

மேலமாசி வீதியில் எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற கடைகளில் பழைய ரேடியோ பார்க்கிறவர் எங்கே என்று கேட்டால் அந்தச் சந்து எது என்று காட்டுவார்கள். கொடுப்பதற்கு முன்னால் செல்லைக் கழற்றிவிடுங்கள். வாங்கப் போகும்போது பெரிய செல் நாலு புதுசாகக் கொண்டுபோங்கள், அவரிடம் இருப்பது சோதனைக்கு மட்டும். பின்மூடியை அவரே திறந்து காட்டுவார், நிதானமாகப் பாருங்கள். அக்கா தைப் பொங்கலுக்கு வருகிறாள். தன் பாட்டு நோட்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.