எட்டு ஆண்டுகள் புழங்கிய பிறகு: கல்சட்டி, கோரைப்பாய், கண்டாங்கி, இன்னும் சில

வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை குறைந்து வெகுநாளாகிறது. புதுச் சேலை எதுவானாலும் முதல் முறை உடுத்தும்போது அழகாகத்தான் இருக்கும்; புதுப் பாத்திரத்தில் வைத்த முதல் குழம்பை யாரும் குறை சொல்வதில்லை. சாயம் போனதா, ஓரம் பிரிந்ததா, கழுவுவதற்குச் சோம்பல்பட்டுப் பரண்மேல் ஏறிவிட்டதா என்பதெல்லாம் மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகே தெரியவரும். ஆகவே, கடந்த எட்டு ஆண்டுகளில் நான் தேடி வாங்கியவற்றுள் இன்றும் புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் சென்னையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் இந்தப் பொருள்களின் ஆயுளில் பெரும்பங்கு வகிக்கின்றன.

என்னிடம் வந்த முதல் கல்சட்டியின் ஆயுள் மூன்றே நாள். இணையத்தில் பார்த்து, நிறத்துக்கு ஆசைப்பட்டு வரவழைத்தேன். கழுவித் துடைத்து, புளித்தண்ணீரை ஊற்றிக் கேஸ் அடுப்பில் முழுத் தீயில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் 'டப்' என்று ஓர் ஓசை கேட்டது. விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போன்ற ஒரு விரிசல். அதன் வழியே புளித்தண்ணீர் கசிந்து தீயை அணைத்தது. அனுப்பியவர்கள் பெட்டிக்குள் பழக்கும் முறை பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. கேட்டபோது, கல் உடைவது இயல்புதான் என்று பதில் எழுதினார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கல்சட்டியப் பழக்காம யாராவது அடுப்புல ஏத்துவாங்களாடி?" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

இப்போது இருப்பது இரண்டாவது சட்டி. சேலத்துப் பக்கம் சாலையோரத்தில் அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்த பெரியவரிடம் வாங்கியது. அவர் ஒவ்வொரு சட்டியாகக் கையிலெடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். குறையில்லாத கல் ஒரே சீராக ஒலிக்கும், உள்ளே கீறல் இருந்தால் ஓசை செத்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். சட்டி செய்யும் மாக்கல் மிகவும் மென்மையானது. புதுச் சட்டியில் நகத்தை அழுத்தி இழுத்தாலே வெள்ளைக் கோடு விழும். அந்த மென்மையினால்தான் அதைக் கடைந்து பாத்திரமாக்க முடிகிறது. ஆனால் பழக்கிப் பதப்படுத்தாமல் அதைத் தீயில் வைக்க முடிவதில்லை. பெரியவர் சொன்னபடி, முதல் நான்கு நாள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற வைத்தேன். அடுத்து, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவி, தினமும் வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி, தானாக ஆறும்வரை விட்டுவைத்தேன். பத்து நாளில் சாம்பல் நிறம் கருக்கத் தொடங்கியது. பிறகு வெறும் தண்ணீரை ஊற்றி, மிகச் சிறிய தீயில் வைத்து, நாளுக்குச் சிறிதாகச் சூட்டைக் கூட்டினேன். மொத்தம் பதினைந்து நாள் ஆயிற்று. முதல் நான்கைந்து சமையலில் விளக்கெண்ணெய் வாடை வரத்தான் செய்தது, அதை மறைப்பதற்கில்லை.

வத்தக்குழம்புக்கு இதற்கு இணையான பாத்திரத்தை நான் இன்னும் காணவில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொள்ளச் சில மாதங்கள் பிடித்தன. அடுப்பை அணைத்த பிறகும் கால்மணி நேரம் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், எவர்சில்வர் பாத்திரத்தின் பக்குவத்தில் இறக்கினால் சாப்பிட உட்காரும்போது தொக்குதான் மிஞ்சும். குழம்பு இன்னும் நீர்க்க இருக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும் நிலையிலேயே தீயை அணைத்துவிட வேண்டும். அலுமினியத்தைப் போலப் புளியோடு வினைபுரிவதில்லை என்பதால், மீந்த குழம்பை மறுநாள்வரை அதிலேயே வைத்திருக்கலாம். மறுநாள் சுவை கூடியும் இருக்கும். கீரை மசியலுக்கும் நன்று. காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்கு டப்பா கட்ட வேண்டிய அவசரத்துக்கு மட்டும் இது உதவவே உதவாது. கல் சூடேறவே பத்து நிமிடம் கேட்கும். இண்டக்ஷன் அடுப்பிலோ அது சூடேறுவதே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிரம்பிய சட்டியை இரண்டு கையாலும் பிடித்து இறக்கும்போது மணிக்கட்டு வலிக்கிறது. நாற்பதைக் கடந்தவர்கள் சிறிய அளவாகப் பார்த்து வாங்குவது நல்லது. பாத்திரம் கழுவும் திரவத்தைப் பயன்படுத்தினால் அதன் எலுமிச்சை வாடையைக் கல் குடித்து வைத்துக்கொள்கிறது. கடலைமாவும் தேங்காய் நாரும் போதும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருமுறை கம்பி நார் போட்டுத் தேய்த்துவிட்டார். எட்டு மாதங்களாகச் சேர்ந்த கருமை ஒரே காலையில் கோடு கோடாக உரிந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டில் விளிம்பில் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டு பெயர்ந்தது. பாட்டியின் சட்டிக்குக் கழுத்தைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டியிருந்தது ஏனென்று அன்று புரிந்தது.

அடுத்தது பத்தமடைப் பாய். திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ள பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையைக் கொண்டு நெய்வது. ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று அரசு பதிந்து தரும் புவிசார் குறியீட்டை 2013-இல் பெற்றது. நீளவாக்கில் ஓடும் பாவுக்குப் பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடைக்குக் கோரை. நயமான பாய்க்குக் கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, ஊறிப் பருத்ததை மெல்லிய இழைகளாகக் கிழித்துக்கொள்கிறார்கள். இழை எவ்வளவு மெல்லியதோ, பாய் அவ்வளவு வழவழப்பாக அமையும். பட்டுப்பாய் என்று அவர்கள் சொல்வதைத் துணியைப் போல மடித்துக் கைக்குள் அடக்கிக் காட்டுவார்கள். அந்தச் சாகசத்தில் மயங்கி நானும் ஒரு பட்டுப்பாய் வாங்கினேன். அன்றாடம் படுப்பதற்கென்று ஒரு சாதாரணக் கோரைப்பாயும் வாங்கினேன்.

எட்டு ஆண்டுகளில் எனக்குப் பயன்பட்டது சாதாரணப் பாய்தான். பட்டுப்பாயில் படுக்க மனம் வரவில்லை. விருந்தினர் வரும்போது விரிப்பதும் சுருட்டி வைப்பதுமாக அதன் காலம் கழிகிறது. சாதாரணப் பாயோ பங்குனியிலிருந்து ஆவணிவரை ஒவ்வோர் இரவும் தரையில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியின் சூடு கூரை வழியே இறங்கும் வீட்டில், மெத்தையிலிருந்து இறங்கிப் பாயில் படுப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். வியர்வையைக் கோரை வாங்கிக்கொள்கிறது. பிளாஸ்டிக் பாயில் படுத்தெழுந்தால் முதுகில் பாய் அச்சும் ஈரமும் ஒட்டிக்கொண்டு வரும். இதில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்றிரண்டு மாதத்தில் பச்சை வாடை போய், பிறகு வைக்கோலை நினைவூட்டும் ஒரு மணம் மட்டும் நிற்கிறது. எனக்கு அது பிடிக்கும், வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.

இதன் எதிரி ஐப்பசி மழை. இரண்டாம் ஆண்டு, பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். தீபாவளி கழிந்து எடுத்துப் பார்த்தால், நடுப்பகுதி முழுக்க மிளகைத் தூவியதுபோலக் கரும்புள்ளிகள். ஈரத்துணியை வெந்நீரில் பிழிந்து துடைத்து, நிழலில் நான்கு நாள் உலர்த்தியதில் பூஞ்சை போயிற்று; புள்ளிகளின் தடம் இன்றும் இருக்கிறது. அதன் பிறகு, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை விரித்து மின்விசிறிக் காற்றில் விடுகிறேன். நல்ல வெயிலில் காயப்போடுவதும் தவறு. கோரை முறுகி, கால் பட்டால் ஒடிகிறது. மடித்து வைத்தால் மடிப்பிலேயே பிரியும் என்பதால் சுருட்டத்தான் வேண்டும். நான்காம் ஆண்டில் ஓரத் துணி கிழிந்தபோது, தெருமுனைத் தையல்காரர் தம் எந்திரத்தின் ஊசி முறிந்துவிடும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் பழைய பருத்திச் சேலையின் கரையைக் கிழித்து, கோணி ஊசியால் நானே கையால் தைத்தேன். கோணலாகத்தான் வந்தது, ஆனால் நான்கு ஆண்டுகளாகப் பிரியவில்லை.

சேலைகளில் இரண்டைச் சொல்கிறேன். மதுரைச் சுங்குடியைப் பற்றிச் சுருக்கமாக: கையால் முடிச்சிட்டது என்று சொல்லி எனக்கு முதலில் விற்கப்பட்டது மெழுகு அச்சிட்ட சேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சேலையில் ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இராது. சில புள்ளிகளின் நடுவே கடுகளவு சாயம் தங்கியிருக்கும். புதிதாக இருக்கும்போது, முடிச்சு இருந்த இடமெல்லாம் துணி சற்றே கூம்பி நிற்கும். என்னுடையதில் எல்லாப் புள்ளிகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல வட்டமாக இருந்தன. உடுத்துவதற்கு அதிலும் குறையில்லை, மெல்லிய பருத்திதான்; ஆனால் முடிச்சுக்குக் கொடுத்த விலை வீண். சௌராஷ்டிரச் சமூகத்தவரின் கைவேலையாகப் பெயர்பெற்ற இந்தச் சேலைக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இருந்தும், வாங்குபவர் கடையிலேயே சேலையை உதறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

காரைக்குடிக் கண்டாங்கியின் கதை நேர்மாறானது. அரக்குச் சிவப்பு உடல், கடுகு மஞ்சள் கட்டம், ஒரு சாண் அகலக் கரை. வாங்கிய புதிதில் அது என்னை உடுத்தியதா, நான் அதை உடுத்தினேனா என்று ஐயம் எழும் அளவுக்கு முரட்டுத் துணியாக இருந்தது. கொசுவம் நிற்காமல் விரிந்து விரிந்து வந்தது. அலுவலகத்தில் ஒரு தோழி, சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாயா என்றே கேட்டுவிட்டார். முதல் மூன்று சலவையிலும் வாளித் தண்ணீர் சிவந்தது. கல்லுப்புப் போட்ட நீரில் தனியாக அலசி, கஞ்சி போடாமல் நிழலில் உலர்த்தினேன். ஏறத்தாழ இருபதாவது சலவையில் துணி இளகியது. இன்று என்னிடமுள்ள சேலைகளுள் வெயிலுக்கும் பேருந்துக்கும் ஏற்றது இதுதான். காலை எட்டு மணிக்குக் கட்டினால் மாலைவரை கசங்காமல் நிற்கிறது, கரை ஓரிடத்தில்கூட நைந்து போகவில்லை. 2019-இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மின்தறிச் சேலையையும் அதே பெயரில் விற்கிறார்கள். அப்படி நான் வாங்கிய ஒன்று முதல் நாளே மெத்தென்று இருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே கரைக்கும் உடலுக்கும் இடையே விட்டுப்போனது.

தின்பண்டத்துக்கு நெடுநாள் மதிப்புரை எழுத முடியுமா என்று கேட்கலாம். எட்டு ஆண்டுகளாகத் தெற்கே போகும்போதெல்லாம் கோவில்பட்டியில் இறங்கிக் கடலைமிட்டாய் வாங்கி வருபவளுக்கு அந்த உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். கரிசல் மண் கடலையும் வெல்லப்பாகும்தான் அடிப்படை. மேலே தூவும் வண்ணத் தேங்காய்த் துருவல் அதன் அடையாளம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற பிறகு பொட்டலங்கள் பளபளப்பாயின. என் நாக்குக்குச் சுவையில் மாற்றம் தெரியவில்லை. நல்ல மிட்டாய் ஒடிக்கும்போது 'டக்'கென்று முறியும், பல்லில் இழுக்காது. பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தால் பாகின் பதம் தப்பியிருக்கிறது என்று பொருள். சென்னை ஈரத்தில் பிரித்து வைத்தால் மூன்றாம் நாளே பிசுபிசுக்கும். இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் தாங்கும். எங்கள் வீட்டில் அதுவரை மிஞ்சியதாக வரலாறு இல்லை.

அதே கோவில்பட்டியோடு தொடர்புடையது நான் கடைசியாகச் சொல்லவிருக்கும் பொருள்: ஒரு பழைய பாணிச் சாமி படம். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராக வந்து, குழு கலைந்தபின் 1940-களில் அந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஓவியர் கொண்டையராஜு, சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களையெல்லாம் நிறைத்தவர். பாத்திரக் கடையும் ஜவுளிக் கடையும் ஆண்டுதோறும் இலவசமாகத் தந்த காலண்டர்களில் இருந்த கஜலட்சுமியையும் மீனாட்சி கல்யாணத்தையும், ஆண்டு முடிந்ததும் தேதித் தாளை மட்டும் வெட்டியெறிந்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்ட தலைமுறை அது. கண்டாங்கி வாங்கப் போன அதே பயணத்தில், காரைக்குடியின் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு கஜலட்சுமி படம் கிடைத்தது. கடைக்காரர் ஐம்பதுகளின் அச்சு என்று சத்தியம் செய்தார். தாளின் வெண்மையைப் பார்த்தபோதே ஐயம் எழுந்தது. பின்னாளில் விவரம் தெரிந்த நண்பர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பிற்கால மறுஅச்சு என்றார். நான் கொடுத்த விலைக்கு அது போதும்.

பொருளைவிட வைத்த இடத்தில்தான் பிழை செய்தேன். கூடத்தில், மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினேன். மாலை வெயில் தினமும் ஒரு மணி நேரம் அதன்மேல் விழுந்தது. முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு சிவப்பு. நீலம் மட்டும் நின்றதால், ஆறாம் ஆண்டில் லட்சுமியின் முகம் கண்ணனின் நிறத்துக்கு வந்துவிட்டது. தாமரைகள் வெளுத்து அல்லியாயின. சென்ற மாதம் கழற்றி, வெயில் எட்டாத உள்ளறைச் சுவருக்கு மாற்றினேன். கூடத்தில் அது தொங்கிய இடத்தில், சட்டத்தின் அளவுக்குச் சுவரின் பழைய மஞ்சள் வண்ணம் மட்டும் கொஞ்சமும் மங்காமல் இருக்கிறது.